காலேஜ் லீவா, ஆன்லைனா? தொற்றுக் காலத்தில் முடிவு எங்கே பிறக்கிறது

மலப்புரத்திலோ கோழிக்கோட்டிலோ நிபா என்று செய்தி வந்தால் போதும். நீலகிரியின் கேரள எல்லைப் பக்கம் உள்ள நாடுகாணி, பாட்டவயல் செக்போஸ்ட்டுகளில் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே, கூடலூர், பந்தலூர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘நாளைக்கு காலேஜ் இருக்கா?’ என்ற கேள்வி ஓட ஆரம்பித்துவிடும். ஒருவர் கலெக்டர் அறிவிப்பு என்று ஒரு படத்தைப் போடுவார். இன்னொருவர் பல்கலைக்கழக சுற்றறிக்கை என்று வேறொன்றைப் போடுவார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லலாம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

‘காலேஜ் மூடுவது’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

1. கட்டடம் திறந்திருக்குமா? மாணவர்கள் வளாகத்துக்குள் வரலாமா, விடுதியில் தங்கலாமா என்பது.
2. பாடம் எந்த வழியில் நடக்கும்? நேரடியாகவா, ஆன்லைனிலா, பாதிப் பாதியாகவா.
3. தேர்வும் வருகைப் பதிவும் எப்படிக் கணக்கிடப்படும்?

முதலாவது அரசின் கையில். இரண்டாவது பெரும்பாலும் பல்கலைக்கழகமும் கல்லூரியும் சேர்ந்து எடுப்பது. மூன்றாவதில் டெல்லிக்கும் பங்கு உண்டு. வெளியே தெரிவது முதல் முடிவு. மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போவதோ மூன்றாவது.

யார் கையில் எது?

தொற்றுநோய்ச் சட்டம் 1897-ம் ஆண்டைச் சேர்ந்தது. பரவலைத் தடுக்கத் தேவையான விதிகளை மாநில அரசே போட அது இடம் தருகிறது. 1939-ம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் தமிழ்நாட்டுக்கு உண்டு. இவற்றோடு 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் சேர்ந்தது. இதன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே கேட்டைப் பூட்டச் சொல்லும் உத்தரவு சென்னையிலிருந்து அரசாணையாக வரும், அல்லது ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். கல்லூரி முதல்வரோ துணைவேந்தரோ அதை மீறித் திறந்து வைக்க முடியாது.

கல்வி 1976-ல் அரசியலமைப்பின் 42-வது திருத்தத்தின் வழியாக, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பதோ ஒன்றிய அரசுக்கு மட்டுமே உரிய ஒன்றியப் பட்டியலின் 66-வது இனம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, பேசுவது இந்த இடத்திலிருந்துதான். ‘தேர்வு இல்லாமல் பட்டம் தரலாமா?’ என்பது தரம் பற்றிய கேள்வி. அதை மாநிலம் மட்டும் தீர்த்துவிட முடியாது.

இதற்குக் கீழே பல்கலைக்கழகம். சாதாரண நாளில் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, சிண்டிகேட் என்ற நிர்வாகக் குழு என்று படிப்படியாக ஏற வேண்டிய மாற்றத்தை அவசர காலத்தில் துணைவேந்தரே எடுத்துவிட்டு, பிறகு உரிய குழுவின் முன் வைக்கலாம். பெரும்பாலான பல்கலைக்கழகச் சட்டங்களில் இப்படியொரு பிரிவு இருக்கிறது. தொற்றுக் காலச் சுற்றறிக்கைகள் ராத்திரி ஒன்பது மணிக்கு வருவது இதனால்தான் சாத்தியமாகிறது.

நீலகிரியில் இன்னொரு சிக்கல். ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் கூடலூர் அரசு கல்லூரியும் குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரியும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதன் பாடநாட்களைப் பற்றி தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் சொல் உண்டு. அதே ஊரில் உள்ள ஜேஎஸ்எஸ் பார்மசி கல்லூரிக்கு மேலிடம் மைசூருவில் உள்ள ஜேஎஸ்எஸ் பல்கலைக்கழகம். பார்மசி கவுன்சில் தனி. ஒரே பஸ்ஸில் வரும் மூன்று பேருக்கு மூன்று விதமான சுற்றறிக்கை வந்தால், யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கொடைக்கானலில் கதை தலைகீழ். 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் மலைமேல் இருந்துகொண்டு, கீழே சமவெளியில் உள்ள இணைவுக் கல்லூரிகளுக்கும் சேர்த்து முடிவெடுக்கிறது.

முதல் கேள்வி: நோய் எப்படிப் பரவுகிறது?

சுகாதாரத் துறையிடம் கல்லூரி கேட்க வேண்டியது ‘எத்தனை பேருக்கு?’ என்பதற்கு முன் ‘எந்த வழியில்?’ என்பது. பதிலைப் பொறுத்து முடிவு முற்றிலும் மாறும்.

1. காற்று வழியாகப் பரவுவது, கோவிட் போல. அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவும். நோய் அரும்பும் காலம் பொதுவாக 2 முதல் 14 நாள். வகுப்பறை, விடுதி, பஸ் மூன்றும் பரப்பும் இடங்கள். மூடுவதற்கும் பாதியாகப் பிரிப்பதற்கும் இங்கே பொருள் உண்டு.
2. நெருங்கிய தொடர்பில் பரவுவது, நிபா போல. நோயாளியின் உமிழ்நீர், ரத்தம் போன்ற உடல் திரவங்களோடு தொடர்பு ஏற்பட்டவர்களுக்கே ஆபத்து அதிகம். அதனால் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து 21 நாள் கண்காணிப்பதே முக்கிய வேலை. கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வரும் மாணவருக்கு வருகை விலக்கு தருவது நியாயம். ஊட்டியில் இருக்கும் கல்லூரியை முழுதாக மூடுவதற்கு இது மட்டும் காரணமாகாது. 2023 செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தில் கல்வி நிலையங்களை மூடியது, நோயாளிகளும் தொடர்பாளர்களும் அந்த மாவட்டத்துக்குள்ளேயே இருந்ததால்.
3. தண்ணீர், உணவு வழி. மஞ்சள் காமாலை, வாந்திபேதி. தொட்டியும் மெஸ்ஸும்தான் இங்கே பிரச்சினை. அதைச் சரிசெய்யாமல் வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றினால் விடுதிப் பிள்ளைகள் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டு அறையில் இருப்பார்கள்.
4. ஸ்க்ரப் டைஃபஸ் போன்ற பூச்சிக்கடிக் காய்ச்சல். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது. புதரை வெட்ட வேண்டும். வகுப்பை நிறுத்துவதில் ஒரு பயனும் இல்லை.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ‘காய்ச்சல், ஆகவே லீவு’ என்று போவதுதான் அடிக்கடி நடக்கிறது.

தேர்விலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கு

இணைவுக் கல்லூரி முறையில் பாடம் நடத்துபவர் ஒருவர், கேள்வித்தாள் எடுப்பவர் வேறொருவர். ஒரே தாளை ஊட்டி, கோவை, திருப்பூர், ஈரோடு மாணவர்கள் ஒரே நாளில் எழுத வேண்டும். எனவே, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தேதியை முதலில் வைக்கிறார். அதிலிருந்து பின்னோக்கி இன்டர்னல் மார்க் அனுப்பும் நாள், கடைசி வேலைநாள், செய்முறைத் தேர்வு என்று கணக்கு இறங்குகிறது. ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்பது அளவு. தொற்று 30 நாளை விழுங்கினால் மீதி 60-ஐ எப்படி 90 ஆகக் காட்டுவது என்பதே ஒவ்வொரு கல்லூரியும் மேசையில் வைத்துப் பார்க்கும் உண்மையான கேள்வி. ஆன்லைன் வகுப்பு இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. கற்பிக்கும் முறையாக அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் குறைவு. நாட்கணக்கை நிரப்ப எடுத்துக்கொண்டவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

2020-ஐ இந்தக் கண்ணோடு பார்த்தால் நடந்தது புரியும். மார்ச் மாதம் மூடியாகிவிட்டது. ஏப்ரல் 29-ல் யுஜிசி வழிகாட்டுதல் வந்தது. ஊரடங்கு நாட்களை வருகை தந்ததாகவே கொள்ளலாம், 3 மணி நேரத் தேர்வை 2 மணி நேரமாக்கலாம், இடைநிலை ஆண்டு மாணவர்களுக்கு 50 சதவீதம் இன்டர்னலும் 50 சதவீதம் முந்தைய செமஸ்டர் மதிப்பெண்ணும் எடுத்து மதிப்பிடலாம் என்றது. ஜூலை 6-ல் வந்த திருத்தம், இறுதியாண்டுத் தேர்வை செப்டம்பர் முடிவுக்குள் கட்டாயம் நடத்தச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு: பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் காட்டித் தேர்வைத் தள்ளிவைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, தேர்வே இல்லாமல் இறுதியாண்டு மாணவரைத் தேர்ச்சி என்று அறிவிக்க அதிகாரம் இல்லை, தேதி போதவில்லையென்றால் யுஜிசியிடம் கேட்கலாம். தள்ளிவைப்பது சுகாதாரம், ரத்து செய்வது தரம் என்று கோடு விழுந்தது.

‘அரியர் ஆல் பாஸ்’ விவகாரம் இந்தக் கோட்டில்தான் மோதியது. தேர்ச்சி பெறாத பழைய தாள்களுக்குக் கட்டணம் கட்டியிருந்தாலே தேர்ச்சி, இறுதி செமஸ்டர் தாள்களுக்கு மட்டும் இது பொருந்தாது என்று 2020 ஆகஸ்ட் இறுதியில் தமிழக அரசு அறிவித்தது. நடப்பு செமஸ்டருக்கு 50-50 கணக்கு போட இன்டர்னல் மார்க்காவது கையில் இருந்தது. அரியருக்கு இருந்த ஒரே ஆவணம், அந்த மாணவர் தேறவில்லை என்ற பழைய மார்க் பட்டியல். அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலான ஏஐசிடிஇ ஆட்சேபித்தது. 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்தை ஏற்க முடியாது என்றது. மகிழ்ந்து போஸ்டர் ஒட்டியவர்கள் மறுபடி புத்தகத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

பாதிப் பேர் வந்தால் போதுமா?

திறக்கும் கட்டத்துக்கு 2020 நவம்பரில் யுஜிசி சொன்ன அளவு: ஒரு நேரத்தில் 50 சதவீதத்துக்கு மேல் மாணவர் இருக்கக் கூடாது, படிப்படியாக அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இளநிலை இறுதியாண்டு டிசம்பர் 7-லும் மற்ற ஆண்டு இளநிலை மாணவர்கள் 2021 பிப்ரவரி 8-லும் வந்தார்கள். டிசம்பர், ஊட்டியில் உறைபனிக் காலம்.

இந்த இடத்தில் ஒரு அறையை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம் 8 மீட்டர், அகலம் 7, உயரம் 3.5. கொள்ளளவு 196 கனமீட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. உள்ளே இது எவ்வளவு ஏறுகிறது என்பது, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதன் அளவுகோல்.

1. ஜன்னலைச் சாத்திவிட்டால் இடுக்குகள் வழியாக மணிக்கு ஒரு முறை காற்று மாறுவதாக வைப்போம். 60 பேர் ஒரு மணி நேரம் இருந்தால் அளவு 3,900 பிபிஎம் வரை போகும்.
2. அதே மூடிய அறையில் 30 பேர். 2,150 பிபிஎம் சுமார். பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். நல்ல காற்றோட்டத்துக்குப் பலரும் வைக்கும் எல்லையான 800-ஐ விட இரண்டரை மடங்கு அதிகம்.
3. இரு பக்க ஜன்னலும் கதவும் திறந்து, ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் காற்று கிடைத்தால், அதாவது மணிக்கு 11 முறை காற்று மாறினால், 60 பேர் இருந்தும் 920-க்குள் நிற்கும்.

திறந்த ஜன்னலோடு முழு வகுப்பு, மூடிய ஜன்னலோடு பாதி வகுப்பை விட நல்லது. சென்னையிலோ மதுரையிலோ இதைச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் எப்படியும் திறந்துதான் இருக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காலை எட்டரைக்கு முதல் ஆள் வந்ததும் செய்யும் வேலையே கொக்கியைப் போடுவதுதான். 50 சதவீத விதி சமவெளிக்குப் போட்ட கணக்கு. மலையில் அதோடு ஜன்னல் விதியும் சேராவிட்டால் பாதிப் பலன்கூட இல்லை. நடைமுறையில் செய்யக்கூடியது: ஸ்வெட்டர், குல்லாவுக்கு அனுமதி, 50 நிமிடத்துக்கு ஒருமுறை அறையைக் காலி செய்து 10 நிமிடம் முழுதாகத் திறப்பது, எதிரெதிர் ஜன்னல்களில் மேல்கதவை மட்டும் நிரந்தரமாகத் திறந்து வைப்பது. மேல்கதவு வழியாகச் சூடான காற்று தானாக வெளியேறும், குளிர்காற்று முதுகில் அடிக்காது.

அடுத்தது லேப். ஒரு வேதியியல் துறையில் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 40 பேர், வழக்கமாக 20 பேர் கொண்ட இரண்டு பேட்ச். இடைவெளி விட்டால் மேசையில் 10 பேர்தான் நிற்க முடியும், பேட்ச் நான்காகிறது. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வாரம் 12 அமர்வு, ஒவ்வொன்றும் 3 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, ஆறு நாளைக்கு 12. கணக்கு சரியாக முட்டி நிற்கிறது. கிழமை வைத்து ஓட்டினால், ஒரு மழை விடுமுறை வந்தாலே இரண்டு பேட்ச் அந்தரத்தில். நம் கல்லூரிகளில் கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று வேலைநாட்களை மட்டும் வரிசையாக எண்ணும் ‘டே ஆர்டர்’ ஓடுவதால் விடுமுறை வந்தாலும் வரிசை தள்ளிப்போகுமே தவிர விட்டுப்போகாது. ஆனால் முதலாமாண்டுக்கு திங்கள், செவ்வாய் என்று கிழமை வைத்து வருகையைப் பிரித்துவிட்டு, லேபை டே ஆர்டரில் ஓட்டினால், இரண்டாம் வாரத்திலேயே லேப் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். பிரிப்பதானால் இரண்டையும் டே ஆர்டரிலேயே பிரிக்க வேண்டும்.

பாதிப் பாதி முறையில் ஆசிரியர் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்துகிறார். வாரம் 5 மணி நேரம், 15 வாரம், 75 மணி நேரப் பாடம் என்றால் ஒரு மாணவருக்கு நேரில் கிடைப்பது 37 மணி நேரம்தான். அந்த 37-ஐ எதற்குச் செலவிடுவது என்பதுதான் துறைத் தலைவரின் உண்மையான அதிகாரம். விரிவுரையைப் பதிவுசெய்து அனுப்பலாம். கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவிடும் டைட்ரேஷனில் நிறம் மாறும் அந்தச் சொட்டைப் பதிவுசெய்து கற்பிக்க முடியாது.

விடுதி: ஆறாவது நோயாளியில் உடையும் கணக்கு

240 பேர் தங்கக்கூடிய விடுதி, 60 அறை, அறைக்கு 4 பேர். அதில் 12 அறையைக் காலியாக வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஓர் அறையில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் மீதி மூன்று பேர் தொடர்பாளர்கள். தொற்றாளர்கள் ஒரே அறையில் சேர்ந்து இருக்கலாம். தொடர்பாளர்களைச் சேர்த்து வைக்கக் கூடாது, யாருக்கு வரப்போகிறது என்று தெரியாது. ஆளுக்கு ஓர் அறை வேண்டும். மூன்று அறைகளில் மூன்று பேருக்கு வந்தால் தேவை 10 அறை, அவர்கள் விட்டுப்போகும் 3 அறையும் சேர்ந்து கையிருப்பு 15. சமாளிக்கலாம். ஆறு அறைகளில் ஆறு பேருக்கு வந்தால் தேவை 20, கையிருப்பு 18. முடிந்தது. 20 சதவீதம் காலியாக வைத்த விடுதியின் கதை இது. நிரம்பிய விடுதி முதல் நாளே திணறும்.

இதில் சேராதது குளியலறை. குளிர்ப் பிரதேசத்தில் காலை வெந்நீர் ஒரே இடத்தில்தான் கிடைக்கும்; வகுப்பில் ஆறடி விட்டு உட்கார்ந்தவர்கள் வாளியோடு ஓரடி தள்ளி நிற்பார்கள். தளத்துக்குத் தளம் நேரம் ஒதுக்காத விடுதியில் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அலங்காரம்.

விடுதியைக் காலி செய்து அனுப்புவதிலும் ஆபத்து உண்டு. இன்று தொற்று வாங்கியவருக்கு நாளை எடுக்கும் பரிசோதனை ‘இல்லை’ என்றே காட்டக்கூடும். அந்தச் சான்றை நம்பி பஸ் ஏறி, பந்தலூர் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்புக்கோ கொடைக்கானல் மேல்மலைக் கிராமத்துக்கோ போனால், மருத்துவமனைக்கு வெகுதூரத்தில் நோய் இறங்குகிறது. ஏற்கெனவே பரவத் தொடங்கிய விடுதியை ஒரே நாளில் காலி செய்வதைவிட, உள்ளேயே நிறுத்திப் பார்ப்பது சுற்றியுள்ள ஊர்களுக்குப் பாதுகாப்பு. பெற்றோரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அதற்காக எளிய முடிவே சரியான முடிவாகிவிடாது.

2 ஜிபி இருக்கிறது, டவர் இல்லை

2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. அளவில் குறையில்லை. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கு 225 எம்பி அளவுக்குப் போகும்; ஐந்து மணி நேரம் பார்த்தாலும் ஒரு ஜிபியைச் சற்றே தாண்டும். மலையில் சிக்கல் டேட்டாவில் இல்லை. ஒரு முகடு குறுக்கே வந்தால் சிக்னல் இல்லை. கொடைக்கானல் பக்கத்துக் கூக்கால், கீழானவயல் போன்ற பள்ளத்து ஊர்களை நினைத்தால் போதும். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, மரம் விழுந்து மின்சாரம் போகும், டவரின் பேட்டரி சில மணி நேரத்தில் தீரும். ஒற்றைப்படை செமஸ்டரின் பாடநாட்களில் பெரும்பகுதி அந்த மாதங்களிலேயே வருகிறது. குன்னூர், கோத்தகிரி, பழனி மலைப் பக்கம் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழை, அதாவது தேர்வு நேரம்.

எனவே மலைக் கல்லூரி நேரலை வகுப்பை நம்பக் கூடாது. செய்ய வேண்டிய வரிசை இது:

1. சேர்க்கையின்போதே ஒவ்வொரு மாணவரின் வீட்டிலும் எந்த நிறுவனத்தின் சிக்னல், வீட்டுக்குள்ளா மேட்டிலா என்று பதிவு செய்வது. தொற்று வந்தபின் கேட்டால், சிக்னல் இல்லாதவர் பதிலே அனுப்ப மாட்டார்.
2. குரல் பதிவும் பிடிஎஃப் குறிப்பும். ஒரு மணி நேரக் குரல் பதிவு 20 எம்பிக்குப் பக்கம். மேட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.
3. நேரலையில் இருந்தால்தான் வருகைப் பதிவு என்ற விதியை விட்டுவிடுவது. ஒப்படைத்த பயிற்சித் தாளை வருகையாகக் கொள்வது.
4. விடைத்தாள் பதிவேற்றத்தை முன்பே ஒத்திகை பார்ப்பது. 40 பக்கத்தைப் படம் பிடித்தால் பக்கத்துக்கு 3 எம்பி வீதம் 120 எம்பி. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஏற்ற 16 நிமிடம். ஸ்கேன் செயலியில் சுருக்கினால் 12 எம்பி, ஒன்றரை நிமிடம். தேர்வு முடிந்து அரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்ற விதியில் தோற்றவர்களில் பலர் பாடத்தில் தோற்கவில்லை.

மழைக்கு தாலுகா, நோய்க்கு மாவட்டமா?

நீலகிரியில் ஆறு தாலுகா. கனமழை பெய்தால் ‘கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் விடுமுறை’ என்று ஆட்சியர் அறிவிப்பது எல்லோருக்கும் பழகிய செய்தி. ஊட்டியில் அன்று வகுப்பு நடக்கும். நோய்க்கு மட்டும் மாவட்டம் முழுவதையும், சில நேரம் மாநிலம் முழுவதையும் ஒரே அலகாக எடுத்துக்கொள்கிறோம். நிபா போல இடம் சார்ந்து வரும் நோய்க்குத் தாலுகா அளவு பொருத்தமானது. அதற்கான நிர்வாகப் பழக்கம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது. கல்லூரிகள் செய்ய வேண்டியது, எந்த ஊரிலிருந்து எத்தனை மாணவர் வருகிறார்கள் என்ற பட்டியலைத் தயாராக வைத்திருப்பது. ‘எங்கள் 800 பேரில் 130 பேர் எல்லைப் பக்கம்’ என்று எண்ணோடு சொல்லும் கல்லூரிக்கு ஆட்சியர் அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கும் பதிலே வேறு.

வாட்ஸ்அப்பில் வரும் படத்தை எப்படிப் படிப்பது என்பதும் இதிலிருந்தே தெரியும். கையெழுத்து ஆட்சியருடையது என்றால் கட்டடம் பற்றியது. தேர்வு இருக்கிறதா என்று அதில் தேடக் கூடாது. பதிவாளர் கையெழுத்து என்றால் வகுப்பு முறை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்து என்றால் தேர்வு மட்டும். அதில் ‘நீலகிரி மாவட்ட மையங்களுக்கு மட்டும்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அந்தத் தாள் ரத்தாகவில்லை. அட்டவணையின் கடைசித் தாளுக்குப் பிறகு ஒரு தேதியில், வேறு கேள்வித்தாளோடு அது திரும்பி வரும். ஹால் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்; பெரும்பாலும் அதே டிக்கெட்தான்.